புல் விரிப்புக்குக் கீழே ஒரு குளம்



குடும்பத்துக்கான இந்த ஏட்டில் ஒரு மௌலவி கல்லும் கிறவலும் குழாயும் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று நீங்கள் ஆச்சரியப்படலாம். அரபு இலக்கணமும் பிக்ஹும் படிப்பித்துக்கொண்டிருக்கின்ற எனக்கும் கட்டட வேலைக்கும் வெகு தூரம். அந்தத் தூரமே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம். சற்று முன்கூட்டியே நாலு பேரிடம் விசாரித்திருந்தால், என் மகளின் வீட்டு முற்றத்தை இரண்டு தடவை கிண்டியிருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு மாமியின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு வாரம் ஒதுங்கித் திரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

எங்கள் கிழக்குப் பகுதியில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். அந்த வழக்கத்தைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு; அது இங்கே வேண்டாம். வீடு கட்டக் காணி வேண்டும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களை அறிந்தவர்களுக்கு அங்குள்ள நெருக்கடி தெரியும். கடலுக்கு அண்மையில் மணல் தரை; அதிலேதான் நம் மூதாதையர் நெருக்கி நெருக்கிக் குடியிருந்தார்கள். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். 2004ஆம் ஆண்டு டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்ட முடியாதென்று அரசாங்கம் முதலில் அறிவித்தபோது, பலருடைய பார்வை மேற்குப் பக்கம் திரும்பியது. வயல் ஓரங்கள் கிறவல் கொட்டி நிரப்பப்பட்டு வளவுகளாயின. நான் மகளுக்கு வாங்கிய 12 பேர்ச் காணியும் அப்படி எப்போதோ நிரப்பப்பட்ட ஒன்றுதான்.

(இடையில் ஒரு வார்த்தை: வயல் காணியை நினைத்தபடி நிரப்ப முடியாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அதற்கு அனுமதி பெற வேண்டும். நிரப்பிய காணியை வாங்குவோர் உறுதியை மட்டும் பாராது அந்த அனுமதிக் கடிதத்தையும் கேட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.)

நான் பிறந்து வளர்ந்த வீடு மணலில் இருக்கிறது. அங்கே ஒரு வாளித் தண்ணீரை முற்றத்தில் ஊற்றினால், வாளியைக் கீழே வைப்பதற்குள் தண்ணீர் மறைந்துவிடும். மாரியில் இரவு முழுக்கப் பெய்தாலும் காலையில் தரை நடக்கப் பதமாக இருக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே களித்தரைக்குக் கொண்டுபோனதுதான் நான் செய்த முதற்பிழை.

வீடு 2023ஆம் ஆண்டில் முடிந்தது. அவ்வருட மாரியில் முற்றம் முழுவதும் சேறு. பேரனுக்கு அப்போது இரண்டு வயது. வெளியே விட்டால் சேறும் சகதியுமாக வருவான். வீட்டின் வெள்ளைத் தரையெல்லாம் சின்னச் சின்னக் காலடிகள். மகள் சலித்துப் போனாள். கட்டாரில் இருக்கும் மருமகன் யாரோ ஒருவருடைய வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, முன் முற்றத்துக்குச் செயற்கைப் புல் போடலாம் என்று பணம் அனுப்பினார். 2024 ஓகஸ்ட் மாதம், நல்ல கோடை. இருபது அடி நீளம், பதினைந்து அடி அகலம். மேசன் வந்து தரையைத் தட்டி மட்டமாக்கினார். புல் பூண்டு முளைக்கக் கூடாதென்று கறுப்புப் பொலித்தீன் விரித்தார். அதன்மேல் ஓர் அங்குலம் மணல். அதன்மேல் பச்சைப் பசேலென்று பிளாஸ்டிக் புல். விற்றவரிடம் நான் கேட்டேன்: "மழைக்கு என்ன செய்யும்?" அவர் விரிப்பைப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினார். வரிசை வரிசையாகச் சின்னத் துவாரங்கள். "எல்லாம் ஓட்டை போட்டுத்தான் வருது மௌலவி, தண்ணி நிக்காது" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. துவாரங்கள் வழியாகத் தண்ணீர் இறங்கத்தான் செய்தது. இறங்கிய பிறகு அது எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் மழை தொடங்கியது. 2024இன் அந்த மழையில் எங்கள் மாவட்டமே வெள்ளத்தில் தத்தளித்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளம் வருவதற்கு நாலைந்து நாட்களுக்கு முன்பே, முதல் பெருமழை பெய்த மறுநாள் சுபஹுக்குப் பின் மகள் தொலைபேசி எடுத்தாள்.

"வாப்பா, புல்லுல கால வெச்சா சளக் சளக்கெண்டு சத்தம் கேக்குது. கீழ தண்ணி நிக்கிது போல."

போய்ப் பார்த்தேன். மேலே பச்சைப் புல், கீழே குளம். ஓரத்தைத் தூக்கினால் மணல் கூழாகி ஒரு பக்கமாய் ஒதுங்கியிருந்தது. அடியில் இருந்த பொலித்தீன் ஒரு பெரிய தாச்சியைப் போலத் தண்ணீரை ஏந்திக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் நாற்றம் கிளம்பிற்று. ஐந்தாம் நாள் முன்னறைச் சுவரின் அடியில் கையளவு உயரத்துக்கு ஈரம் ஏறிப் பெயின்ட் கொப்பளிக்கத் தொடங்கியது.

அவசரத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மதிலின் அடியில் ஒரு துவாரம் போடச் சொன்னேன். தண்ணீர் சந்தோசமாக ஓடியது, பக்கத்து வளவுக்குள். அது ஒரு விதவைத் தாயின் வளவு. நிரப்பாத பழைய காணி, ஆகவே பதிவானது. மாலையில் அவரைப் பார்க்கப் போனேன். குசினித் திண்ணையில் விறகுக் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கதிரைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "பறவாயில்ல மௌலவி, மழைத் தண்ணிதானே" என்றார். அதே வாரம் மத்ரஸாவில் நான் பிள்ளைகளுக்கு எடுத்த பாடம் அண்டை வீட்டாரின் உரிமைகள். அன்றிரவே துவாரத்தைச் சீமெந்து வைத்து அடைத்துவிட்டு, நானும் மகளும் வாளியால் அள்ளி வீதியில் ஊற்றினோம்.

தண்ணீரைக் கணக்கிடுவோம்

மழை ஓய்ந்த பின்னர், நீர்ப்பாசனத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் உறவினரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் முதலில் சொல்லித் தந்தது ஒரு சிறு கணக்கு. சமையலுக்கு அரிசி அளப்பதைவிட இலகுவானது. ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால், அது ஒரு லீற்றர் தண்ணீர். அவ்வளவுதான்.

மகளின் முற்றம் 300 சதுர அடி, ஏறத்தாழ 28 சதுர மீற்றர். மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது எங்கள் பக்கத்தில் அபூர்வமல்ல. அப்படியானால் முற்றத்தில் மட்டும் விழுவது 2,800 லீற்றர். வீட்டுக் கூரையின் முன்பாதி 500 சதுர அடி. அதன் பீலி முற்றத்திலேயே கொட்டுகிறது. அது இன்னொரு 4,600 லீற்றருக்கு மேல். இரண்டையும் கூட்டினால் 7,400 லீற்றர். வீட்டுக் கூரைமேல் வைக்கும் ஆயிரம் லீற்றர்த் தாங்கிகள் ஏழைக் கொண்டுவந்து அந்த முற்றத்தில் கவிழ்த்ததற்குச் சமம்.

சரி, மண் எவ்வளவு குடிக்கும்? மணல் தரை மணிக்கு 30 மில்லிமீற்றருக்கு மேல் உறிஞ்சும். களிமண் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீற்றர் வரைதான். மணிக்கு 2 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டாலும் அந்த முற்றம் ஒரு மணித்தியாலத்தில் 56 லீற்றரைத்தான் குடிக்கும். 7,400 லீற்றரும் இறங்க ஐந்தரை நாட்கள் ஆகும். அதுவரை இன்னொரு துளி மழை பெய்யக் கூடாது! மாரியில் இது நடக்கிற காரியமா?

களிமண் ஏன் இப்படி? அதன் துகள் 0.002 மில்லிமீற்றரிலும் சிறியது. தட்டுத் தட்டாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதால் இடைவெளிகள் மிக நுண்ணியவை. தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். புதுவீடு என்றால் இதிலும் மோசம். கட்டுமானக் காலம் முழுவதும் டிப்பரும் உழவு இயந்திரமும் ஏறி இறங்கி மண்ணை மிதித்து இறுக்கிவிடுகின்றன. உடைந்த கல், சீமெந்துக் கட்டி, கிழிந்த பேக் எல்லாம் அதற்குள்ளேயே புதைந்து கிடக்கும். பிறகு மேலே கிறவல் கொட்டுகிறோம். கிறவல் தண்ணீரை ஓரளவு கீழே விடும். கீழே உள்ள களி விடாது. நமது வளவு மதிலுக்குள் அடங்கிய ஒரு கோப்பை மாதிரி ஆகிவிடுகிறது. மேலே காய்ந்த தரை, ஒரு முழம் கீழே தண்ணீர்.

உங்கள் வளவு எந்த வகை என்று அறிய எஞ்சினியர் வேண்டியதில்லை. ஒரு முழம் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தண்ணீர் தெளித்து ரொட்டி மா போலப் பிசையுங்கள். விரல் தடிப்பில் உருட்டி வளையலாக வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளையல் வந்தால் அது களி. உருளும்போதே உதிர்ந்தால் மணல். இன்னும் நிச்சயம் வேண்டுமானால், ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் குறைகிறது என்று ஈர்க்கினால் அளந்து பாருங்கள். ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இறங்கினால் அந்த மண்ணை நம்பி எதையும் செய்யாதீர்கள். மகளின் வளவில் இரவு நிரப்பிய குழி காலையிலும் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

கல் போட்டால் போதுமா?

"நாலு இஞ்சி கல்லப் போட்டு மேல புல்லப் போடுவம் மௌலவி, சரியா வரும்" என்றார் மேசன். பலரும் இதைத்தான் சொல்வார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மீதிப் பாதிதான் ஆளை ஏமாற்றும்.

300 சதுர அடிக்கு நாலு அங்குலம் கல் என்றால் சரியாக ஒரு கியூப். கற்களுக்கிடையே உள்ள வெற்றிடம் நூற்றுக்கு 40 பங்கு என்று தாராளமாக வைத்தாலும் 1,100 லீற்றர் அளவுதான் அதற்குள் அடங்கும். நமக்கு வந்துசேர்வதோ 7,400! கல்லுக்குள் போன தண்ணீர் அங்கிருந்து வெளியேற வழியில்லாவிட்டால் குளம் மறைந்திருக்கும், அவ்வளவே. மேலும் அந்தக் குளம் வீட்டு அத்திவாரத்தை ஒட்டி நிற்கும். களி ஊதிச் சுருங்கும் இயல்புடையது என்று சொன்னேன். அத்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் நனைந்து கிடப்பது சுவருக்கு நல்லதல்ல.

அடுத்து மேசன், கொங்கிறீட் வளையம் இறக்கி உறிஞ்சு குழி வெட்டலாம் என்றார். மணல் ஊரில் அது அருமையான யோசனை. நான் இந்தத் தடவை அவசரப்படாமல், ஜனவரியில் நாலடிக்கு ஒரு பரீட்சைக் குழி மட்டும் வெட்டச் சொன்னேன். மறுநாள் பார்த்தால் யாரும் ஊற்றாமலே அதில் இரண்டடி தண்ணீர். நிலத்தடி நீர் அவ்வளவு மேலே நின்றது. தண்ணீரைக் குடிக்க வேண்டிய குழி நமக்குத் தண்ணீர் தந்தது!

ஆகவே கேள்வி ஒன்றுதான் மிஞ்சியது: தண்ணீர் எங்கே போய்ச் சேரும்? அதற்கு விடை கிடைக்காமல் புல்லோ கல்லோ எதுவும் வாங்க வேண்டாம். வீடு இன்னும் கட்டி முடியாத சகோதரிகள் இந்தக் கேள்வியை மதில் எழும்புவதற்கு முன்பே, வாயிலுக்குக் கொங்கிறீட் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் உடைக்க வேண்டி வரும்.

எங்களுக்கு வீதியோரம் பிரதேச சபையின் வடிகான் ஒன்று இருந்தது. மேசன்மார் வைத்திருக்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்துப் பார்த்தபோது, அதன் அடி எங்கள் முற்றத்துக்குக் கீழே ஓரடி இரண்டு அங்குலம்தான். அதுவும் மாரியில் விளிம்பு வரை நிறைந்து நிற்கிற கான். அதில் குழாயை விட்டால் கான் தண்ணீர் நம் வளவுக்குள் வரும். வீட்டுக்குப் பின்னே 60 அடி தூரத்தில் வயல் வாய்க்கால். அதன் நீர்மட்டம் முற்றத்துக்கு இரண்டரை அடி கீழே. அதுதான் வழி. ஆனால் வாய்க்கால் எங்கள் சொத்தல்ல. வட்டவிதானையாரிடம் போய்க் கேட்டோம். அவர் வாய்க்காலைக் காட்டி ஒரு நிபந்தனை போட்டார்: மழைத் தண்ணீர் மட்டுந்தான், குளிக்கிற தண்ணீரோ சவர்க்காரத் தண்ணீரோ ஒரு சொட்டும் வரக் கூடாது, வெள்ளாமைக்கு ஆகாது. ஒப்புக்கொண்டோம்.

என்ன செய்தோம்?

2025 கோடையில் வேலை தொடங்கியது. புல் விரிப்பைக் கழற்றிக் கழுவிக் காய வைத்தோம். பிளாஸ்டிக் ஆதலால் அது அழுகவில்லை. ஒட்டிய மூட்டுகள் மட்டும் விட்டிருந்தன. பொலித்தீனைத் தூக்கி எறிந்தோம்.

பிறகு தரையை ஐந்து அங்குலம் வெட்டி இறக்கினோம். இது முக்கியம். மண்ணுக்குமேல் கல், கல்லுக்குமேல் புல் என்று ஏற்றிக்கொண்டே போனால் முற்றம் வீட்டுத் தரை மட்டத்துக்கு வந்துவிடும். சுவரில் ஈரம் ஏறாதிருக்க அத்திவாரத்துக்குமேல் வைத்த தடுப்பும் மண்ணுக்குள் போய்விடும். எல்லாம் முடிந்த பின்னும் முற்றம் வீட்டுத் தரைக்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். எங்கள் முன்னறையில் பெயின்ட் கொப்பளித்ததன் இரகசியம் இதுதான்.

வெட்டிய களித்தரையையே சாய்வாக்கினோம்: வீட்டுப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக 15 அடிக்கு 2 அங்குலம். மேலே உள்ள புல்லை மட்டும் சாய்த்துப் பயனில்லை. தண்ணீர் உண்மையில் ஓடுவது களியின் முதுகில்தான். சாய்வின் அடிவாரத்தில், வீட்டுச் சுவரிலிருந்து விலகி, 20 அடி நீளத்துக்கு ஒரு சால் வெட்டினோம். ஓரடி அகலம், ஓரடிக்குச் சற்றுக் கூடிய ஆழம். சாலும் தரையும் முழுவதற்கும் ஜியோ டெக்ஸ்டைல் எனப்படும் தடித்த துணி விரித்தோம். அது தண்ணீரை விடும், களியை விடாது. அதில்லாவிட்டால் நாளடைவில் சேறு கல்லுக்குள் ஏறி இடைவெளியை அடைத்துவிடும். விலை கூடவா என்று மகள் கேட்டாள். முற்றத்தை இரண்டு தடவை கிண்டியதைவிடக் குறைவுதான்.

சாலுக்குள் நாலு அங்குல பிவிசி குழாய். அதில் துளைக் கருவியால் வரிசையாகத் துவாரம் போட்டோம். ஒவ்வொரு எட்டடிக்கும் ஓர் அங்குலம் சரிவு. குழாயைச் சுற்றி முக்கால் அங்குலச் சல்லிக்கல். மண் கலவாத, கழுவிய கல். முற்றம் முழுக்க அதே கல் நாலு அங்குலம். அதன்மேல் மணலுக்குப் பதிலாகச் சின்னச் சல்லி ஓர் அங்குலம். நைஸ் மணலும் கல் தூளும் இறுகித் தண்ணீரை மறிக்கும். களித்தரைக்கு அவை வேண்டாம். பிறகு புல் விரிப்பு.

துவாரமிட்ட குழாய் முற்றத்தின் மூலையில் மூடியுள்ள ஒரு சின்னத் தொட்டியில் விழுகிறது. வெளியேறும் குழாய் அந்தத் தொட்டியின் அடியிலிருந்து ஓரடி உயரத்தில் இருப்பதால், சேறு அடியில் தங்கிவிடும். தெளிந்த நீர் துவாரமில்லாத குழாய் வழியே வாய்க்காலுக்குப் போகும். மூடியைத் திறந்து சேற்றை அள்ளலாம்.

இவ்வாறு கல் நிரப்பிய சாலுக்கு ஆங்கிலத்தில் 'ஃபிரெஞ்ச் ட்ரெய்ன்' என்று பெயராம். பிரான்சு தேசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹென்றி ஃபிளக் ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்க நீதவான் ஒருவர், வயல் நிலங்களில் தேங்கும் நீரை வடிப்பது பற்றி 1859இல் ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய பெயர்தான் சாலுக்கு ஒட்டிக்கொண்டது. வயலுக்காக எழுதியதை நாம் வயலை நிரப்பிய வீட்டுக்குப் பயன்படுத்துகிறோம்.

கூரைத் தண்ணீரை முற்றத்தில் விழவே விடவில்லை. பீலியிலிருந்து ஒரு தாங்கிக்கும், அது நிரம்பினால் தனிக் குழாயில் நேரே வாய்க்காலுக்கும் போகிறது. உண்மையில் சிரமத்தின் பெரும்பாதி இதனாலேயே நீங்கியது. கையில் பணம் குறைவானவர்கள் முதலில் பீலியைத் திருப்புங்கள், ஏனையவை பிறகு.

தாங்கிக்கும் மூலைத் தொட்டிக்கும் இறுக்கமான மூடி அவசியம். மூலைத் தொட்டியின் அடியில் எப்போதும் ஓரடி தண்ணீர் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒன்றரை வாரத்துக்குள்தான் செல்லும். 2017இல் நம் நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு கண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். புல்லுக்குக் கீழே தேங்கும் அழுக்குத் தண்ணீரில் வேறு நுளம்புகள் பெருகும். டெங்கு நுளம்புக்குத் தொட்டி, தாங்கி, பீலியில் தங்கும் தெளிந்த நீர்தான் பிரியம். பீலியில் இலை சேரவிடாதீர்கள்.

பெண்கள் என்னிடம் கேட்கும் இன்னொரு விடயம்: பிள்ளை புல் விரிப்பில் சிறுநீர் கழித்தால்? அசுத்தம் கண்ணுக்குத் தெரிய மிஞ்சியிருந்தால் அதை அகற்றிவிட்டு, அவ்விடம் முழுவதும் பட்டு ஓடுமளவு தண்ணீர் ஊற்றினால் சுத்தமாகிவிடும். ஊற்றிய தண்ணீர் கீழிறங்கி வெளியே போக வழி இருந்தால் மணமும் நிற்காது. பழைய அமைப்பில் ஊற்றியதெல்லாம் அதே பொலித்தீனில் தங்கி நின்றது. அந்த நாற்றத்தில் அதற்கும் பங்குண்டு.

என்னுடைய சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். மறுபடி செய்வதானால் அவ்வளவு பெரிய விரிப்புப் போட மாட்டேன், பாதி போதும். நம் வெயிலில் பிளாஸ்டிக் புல் 60 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும். நடுப்பகலில் வெறுங்காலோடு பிள்ளையை விட முடியாது. மகளின் முற்றம் கிழக்குப் பார்த்தது, பின்னேரம் வீட்டு நிழல் விழுகிறது, அதனால் தப்பினோம். வெயில் விழும் இடத்தில் உண்மையான புல்லும் ஓரத்தில் நாலு வாழையும் வைத்தால், அவையே கொஞ்சத் தண்ணீரைக் குடிக்கும். சேற்றை மறைப்பதற்காகப் பிளாஸ்டிக் புல் வாங்காதீர்கள். சேற்றுக்கு மருந்து வடிகால். அது சரியான பிறகு மேலே எதை விரித்தாலும் அழகாயிருக்கும்.

ஊரே வெள்ளத்தில் கிடக்கும்போது வாய்க்காலும் நிறைந்துவிடும், அப்போது எந்தக் குழாயும் உதவாது. அது வேறு. நாம் பேசுவது வருடா வருடம் வரும் சாதாரண மாரியைப் பற்றி.

2025 ஒக்டோபரில் முதல் பெருமழை பெய்தது. பாடம் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். மகளின் தொலைபேசி. மனம் திக்கென்றது.

"வாப்பா, இதக் கேளுங்க."

குடையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரைக்கே போயிருக்கிறாள். குழாயின் வாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் தொலைபேசியில் கேட்டது. முற்றத்தில் பேரன் பந்து அடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு அப்பால் நின்று கூப்பிட்டார். நாங்கள் அடைத்த துவாரத்தின் சீமெந்துத் தடம் இன்னும் அங்கே வெள்ளையாகத் தெரிகிறது. "மௌலவி, நம்மட வளவுல நிக்கிற தண்ணியையும் அந்தக் குழாயோட சேத்துவிட ஏலுமா?" என்று கேட்டார். அவருடைய வளவு எங்களுடையதைவிடப் பதிவு. நாலு அங்குலக் குழாய் இரண்டு வளவுக்கும் காணுமா என்று உறவினரிடம் கேட்டிருக்கிறேன். மட்டம் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். வட்டவிதானையாரிடமும் இன்னொரு தடவை போக வேண்டும். மாரி முடியட்டும், மாமியின் வேலையை முதலில் செய்வோம் என்று மேசனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.